மந்திர சூப்

சந்தையில் எதிர்க்கடையில் அன்றும் கூட்டம். வாகியெம் தன் சோட்டோ என்னும் கோழி சூப் பானையைத் துழாவிக்கொண்டே அந்தக் கடையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பைனெம் ஏதோ மந்திரம் வச்சிருக்கா. இல்லன்னா நேத்துக் கடை போட்டவளுக்கு இவ்வளவு கூட்டம் எப்படி வரும்?"

"பெருநாளுக்குள்ள ரெண்டாவது கடை போடணும்னு சொன்னியே. முதல்ல நம்ம பானையப் பாரு, வாகி," என்றான் கணவன் துகிஜோ.

"மந்திரம் வச்ச சூப்பு கடையில ருசிக்கும், வீட்டுக்குக் கொண்டுபோனா சப்புன்னு ஆயிடும். ஊருக்கே தெரியும் இது. நான் முன்னாடி வீட்டுக்குப் போறேன். நீங்க கடையச் சாத்திட்டு, அவகிட்ட ஒரு பொட்டலம் வாங்கிட்டு வாங்க. குட்டு உடையட்டும்."

மாலையில் துகிஜோ கொண்டுவந்த பொட்டலத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, ஒரு வாய் குடித்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"பாத்தீங்களா? உப்புமில்ல, உறைப்புமில்ல. கோழி கழுவின தண்ணி மாதிரி இருக்கு. மந்திரம் வைக்காம இத எவன் காசு குடுத்துக் குடிப்பான்? இப்பவே சந்தைத் தலைவர்கிட்ட இந்தக் கிண்ணத்தக் காட்டி, அவ கடையத் தூக்க வைக்கிறேன்."

செருப்பை மாட்டியவளைத் துகிஜோ வாசலில் மறித்தான்.

"வேணாம் வாகி."

"ஏன், உங்களையும் மயக்கிட்டாளா?"

"அது இல்ல. நான் போறதுக்குள்ள அவ பானை காலியாயிடுச்சு. வெறுங்கையோட வந்தா நீ திட்டுவியேன்னு, நம்ம பானையில மிஞ்சினதக் கட்டிக்கிட்டு வந்தேன்."