தீபக் சொல்லாமல் விட்ட ஸ்டெப்

"என்னங்க இது? நேத்து பத்து ஸ்டெப்தானே சொன்னீங்க. இப்ப பதினொண்ணாவதா ஏதோ பண்றீங்க?"

லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த தீபக்கின் விரல் அப்படியே நின்றது.

சண்முகப்ரியா விடுவதாக இல்லை. அமெரிக்காவில், அவர்கள் குடியிருக்கும் காப்பெல் ஊரில் உள்ள தமிழ்ப் பெண்களுக்காக, வீட்டு வரவு செலவைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஆன்லைனில் ஒரு பாடம் தயாரிக்கிறாள். ஒரு வேலையை எத்தனை படியாகச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இரண்டு வழி. செய்கிறவரிடம் வாயால் கேட்டு எழுதலாம். இல்லையென்றால் பக்கத்திலேயே உட்கார்ந்து, செய்வதைப் பார்த்து எழுதலாம். எது சரிப்படும் என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சுலபமாக மாட்டியவன் புருஷன்தான். நேற்று கேட்டு எழுதினாள். இன்று ஞாயிற்றுக்கிழமை, மகள் அனன்யா எழுவதற்கு முன்பே காபியும் நோட்டுமாகப் பக்கத்தில் நாற்காலி போட்டுவிட்டாள்.

மார்ட்கேஜ், கார் இன்ஷூரன்ஸ், கரண்ட் பில், கிரெடிட் கார்டு எல்லாம் நேற்று சொன்ன வரிசையில்தான் போயின. கடைசியில் தீபக் வேறொரு பேங்க் சைட்டைத் திறந்து, அதிலிருந்து முந்நூறு டாலரை ஜாயின்ட் அக்கவுண்டுக்கு மாற்றினான். பழக்க தோஷம். பக்கத்தில் மனைவி இருப்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

"இது யாரோட அக்கவுண்ட்?"

"என்னோடதுதான்."

"எனக்குத் தெரியாம ஒரு அக்கவுண்ட்டா? எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'பண விஷயத்தில் கணவன் மனைவிக்குள் ஒளிவு மறைவு கூடாது' என்று பாடத்தின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாள்.

"உங்க சம்பளம் எவ்ளோன்னு எனக்குத் தெரியும். இந்தப் பணம் எங்கேருந்து வருது?"

"கிரீன் கார்டு வந்ததுலேர்ந்து சனிக்கிழமை பேட்மின்டன்னு போறேன்ல? பேட்மின்டன் இல்ல. கம்யூனிட்டி காலேஜ்ல கிளாஸ் எடுக்கறேன்."

"அதுவும் பொய்யா? எதுக்குங்க இதெல்லாம்?"

பத்து வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய மனுஷன். நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை முட்டியது.

"ஜாயின்ட் அக்கவுண்ட்ல மாசாமாசம் முந்நூறு துண்டு விழுந்துச்சு ப்ரியா. பேங்க்ல ரெண்டு தடவ ஃபைன் போட்டுட்டாங்க. உன்னைக் கேக்க மனசு வரல."

"என்னை எதுக்குக் கேக்கணும்?"

"அனன்யா டான்ஸ் கிளாஸுக்குன்னு மாசம் எவ்ளோ எடுக்கற?"

"நானூத்தம்பது." சுருதி இறங்கிவிட்டது.

"டீச்சர் வீட்டு வாசல்ல நூத்தம்பதுன்னு எழுதி ஒட்டியிருக்கு. அவளை டிராப் பண்றது நான்தானே."

சண்முகப்ரியா நோட்டை மூடினாள். மீதி முந்நூறு, ஊரில், கோபிசெட்டிபாளையத்தில் நர்சிங் படிக்கும் அவள் தம்பி முகிலனுக்குப் போகிறது. வீட்டுக் கடன் பாதியாவது அடையும் வரை ஊருக்குப் பணம் அனுப்புவதில்லை என்று அவளும் தீபக்கும் சேர்ந்து எடுத்த முடிவு. அதனால் அவள் வாயே திறந்ததில்லை.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"மொத மாசமே. 'ஃபீஸ் கட்டிட்டேன், தேங்க்ஸ் மாமா'ன்னு முகிலனே மெசேஜ் போட்டான். நீயா சொல்லுவன்னு இருந்தேன்."

அவளுக்கு வெட்கமாக இருந்தது.

தீபக் மறுபடி மவுஸைக் கையில் எடுத்தான்.

"அடுத்த செமஸ்டர் அவனுக்கு ஃபீஸ் ஏறுதாமே. முந்நூறு பத்துமா?"