யானை ஏறிய டிரெயின்

“யானை தாம்பரத்துல டிரெயின் ஏறிச்சு,” என்றான் உமேஷ்.

“டிக்கெட் எடுத்துச்சா?” என்றாள் நான்கு வயது சின்மயி.

“அவசரத்துல மறந்துடுச்சே! செக்கிங் வந்தா என்ன பண்றது?”

“நாம முன்னாடி நின்னு மறைச்சுக்கலாம்!”

இருவரும் கைகளை அகல விரித்து நின்று பார்த்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

காபியோடு வந்த வேதா அப்படியே நின்றுவிட்டாள். மகள் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

உமேஷின் அம்மா பொறுமையிழந்தாள். “டேய், வந்ததுலேர்ந்து குழந்தையோடயே விளையாடற. பொண்ணு பார்க்கத்தானே வந்தோம்? வேதாகிட்ட ஒரு வார்த்தை பேசுடா!”

உமேஷ் அசட்டுச் சிரிப்புடன் எழுந்தான். “இந்தக் கதை முடிய ரொம்ப வருஷம் ஆகும்போல இருக்குங்க. இவளுக்கு அப்பாவா நான் வரலாமா?”

வேதாவின் கண்கள் நிறைந்தன.

“சரின்னு சொல்லும்மா!” என்று அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள் சின்மயி.

வேதா சொல்லிவிட்டாள்.