எல்பியோவின் கடைசி பெனால்டி

"இந்தக் கடை ரொட்டி எப்படிய்யா உனக்குத் தொண்டையில இறங்குது?"

அதெமாரோட ரொட்டிக்கடை வாசல்லேயே என்னை மறிச்சுக் கேட்டார் மருந்துக்கடை நிக்கானோர்.

கேள்வி நியாயம்தான். அதெமார் செஞ்சது சின்னக் குத்தமா?

எல்பியோ எங்க ஊர்ல பிறந்தவர். உருகுவே அணிக்கே கால்பந்து ஆடினவர். ஓய்வு பெற்று இருபது வருஷம் ஆச்சு, இன்னிக்கும் அவர் தலைமுடியை வெட்டினா கீழே விழுந்ததைப் பொறுக்கி வெச்சுக்க ஆள் இருக்கு. போன ஞாயிறு அவருக்குப் பாராட்டு ஆட்டம். பழைய ஆளுங்க தொப்பையைத் தூக்கிக்கிட்டு ஓடணும். கடைசியில நாயகனுக்கு ஒரு பெனால்டி. கோல்கீப்பர் வேற பக்கமா விழணும், ஜனம் கண்ணைத் துடைச்சுக்கணும். ஊர் ஊருக்கு இதுதான் முறை.

கோல்கீப்பரா நின்ன அதெமார் பிடிச்சுட்டார். அதுவும் எப்படி? எல்பியோவோட கால் பந்துல பட்டதும் கோல் கோட்டுலேர்ந்து முன்னால ஓடிவந்து, பந்து மேல விழுந்து, கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கிடந்தார்.

மைதானமே எழுந்து நின்னு அவரோட அம்மாவை நலம் விசாரிச்சுது.

மறுநாள்லேர்ந்து அதெமார் கடையில ஈ ஓட்டுறார். கக்கத்துல வெந்நீர் ஃபிளாஸ்க், கையில மாத்தே டீ, எல்லாரும் நாலு தெரு தள்ளிப் போய் காய்ஞ்ச ரொட்டி வாங்குறாங்க. கொள்கைன்னா அப்படித்தான் இருக்கணும். எனக்கு அவ்வளவு தூரம் நடக்கச் சோம்பல்.

உள்ளே ரேடியோவுல எல்பியோ பேட்டி ஓடிக்கிட்டு இருந்துச்சு.

"என் முட்டி இன்னும் இரும்புங்க. அன்னிக்கு அடிச்ச அடி வலையைக் கிழிச்சிருக்கும். போகட்டும், அதெமாருக்கும் பேர் வாங்கணும்னு ஒரு ஆசை இருக்காதா? நான் மன்னிச்சுட்டேன்."

"என்ன பெரிய மனசுய்யா இவருக்கு." வாசல்ல நின்ன நிக்கானோர் மூக்கை உறிஞ்சிக்கிட்டே கிளம்பினார்.

அதெமாரோட மனைவி மிர்த்தா தட்டை ணங்குன்னு வெச்சா.

"இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனா அடுப்பை அணைச்சுட்டுப் போக வேண்டியதுதான். வாயைத் திறந்து ஊருக்குச் சொல்லித் தொலையேன்."

"சும்மா இரு மிர்த்தா."

எனக்கே பொறுக்கல. "பிடிச்சதுதான் பிடிச்சே. கோட்டுலேயே நின்னு பிடிச்சிருக்கக் கூடாதா? அப்படி ஓடிவந்து விழற அளவுக்கு என்னப்பா அவசரம்?"

அதெமார் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கிட்டார். ரொட்டியைத் தாள்ல சுத்திக்கிட்டே மெதுவா சொன்னார்.

"அந்தப் பந்து கோடு வரைக்கும் வராதுப்பா. ஊர் கண்ணுல படறதுக்குள்ள போய் மூடிட்டேன்."