பொய் ஜன்னல்

"முன்பக்கம் எத்தனை ஜன்னல்?" சேன் நதிக்கரையில் வாங்கிய, இங்கிலாந்து மாளிகை ஒன்றின் பழைய வழிகாட்டிப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஆட்களைக் கடல் கடத்தி அனுப்பும் இரத்தினம் கேட்டார்.

"பதினாலு, அண்ணை. வாசலுக்கு இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு."

"எல்லாம் திறக்குமோ?"

"இல்லை. இடப்பக்கம் ஒண்டு பொய் ஜன்னல். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரியவேணும் எண்டு சும்மா வைச்சது."

"கட்டினது ஆர்?"

"சீனி வியாபாரி ஒருத்தன். 1762." குணசிங்கத்துக்குத் தலை வலித்தது. "அண்ணை, அச்சுவேலியிலை என்ரை வீட்டுக்கே எத்தனை ஜன்னல் எண்டு எனக்குத் தெரியாது."

"அதுதான் ஷெல் விழுந்து போச்சே. இதைப் பாடமாக்கு. துறைமுகத்திலை ஆரும் கேட்டால், அதைப் பார்க்க வந்தனான் எண்டு தடக்காமல் சொல்லவேணும்."

பாரிஸின் லா சப்பலில் ஆறு பேர் நெருங்கிப் படுக்கும் அறையில் இருந்துகொண்டு, மூன்று வாரம் அவன் அந்த ஆங்கிலேய மாளிகையில் குடியிருந்தான்.

டோவர் துறைமுகத்தில் அதிகாரி அவனுடைய பிரெஞ்சுக் கடவுச்சீட்டைப் புரட்டினார். அதில் இருந்தது வேறொருவரின் பெயர்.

"இங்கிலாந்துக்கு எதற்கு வந்தீர்கள்?"

"மாளிகை பார்க்க." தூண், ஜன்னல், சீனி வியாபாரி என்று எல்லாவற்றையும் பிழையில்லாமல் ஒப்பித்தான்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அது எங்கள் ஊர்! பொய் ஜன்னல்கூடச் சரியாகச் சொல்கிறீர்களே. சின்ன வயதில் அங்கே விளையாடியிருக்கிறேன்."

குணசிங்கத்துக்கு மூச்சு வந்தது.

"1955இல் இடித்துவிட்டார்கள். முப்பத்திரண்டு வருடமாகிறது." அதிகாரி கடவுச்சீட்டை மூடித் தன் பக்கமே வைத்துக்கொண்டார். "உண்மையைச் சொல்லுங்கள். எந்த வீட்டுக்குப் போகிறீர்கள்?"

இடியாத வீடு ஒன்றும் அவனுக்கு நினைவுக்கு வரவில்லை.