மாமியார் கையால் மாத்திரை

"மாப்பிள்ளை, வாயைத் திறங்க." தண்ணீர் டம்ளரும் மாத்திரையுமாக மாமியார் கட்டிலருகே வந்து நின்றார்.

"வேண்டாம் அத்தை. இதைப் போட்டா தலை சுத்துது. கண்டகண்ட கனவெல்லாம் வருது. நேத்து நீங்க லாரி ஓட்டிக்கிட்டு என்னைத் துரத்துறீங்க."

"பிடிச்சேனா?"

"முழிச்சுக்கிட்டேன்."

"தப்பிச்சீங்க. முழுங்குங்க."

முழுங்கினார். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிச் சரிபார்த்த பிறகுதான் மாமியார் நகர்ந்தார்.

மாப்பிள்ளை மனைவியிடம் உருகினார். "பெத்த அம்மாகூட இப்படிப் பார்த்துக்க மாட்டாங்க. எச்.ஐ.வி.ன்னு ரிப்போர்ட் வந்த அன்னிக்கு, எப்படியும் சாகப்போறோம்னு நினைச்சு, இத்தனை வருஷமா மனசுல வச்சிருந்ததையெல்லாம் அத்தை முகத்துக்கு நேரா கொட்டிட்டேன். கஞ்சப் பிசினாரி, ராட்சசின்னுகூடச் சொன்னேன். அப்புறம்தான் டாக்டர், தினமும் மாத்திரை போட்டா எல்லாரையும் போல வாழலாம்னு சொன்னார். அவ்வளவு பேசியும் அத்தை மன்னிச்சுட்டாங்களே!"

"யார் மன்னிச்சது?" அறை வாசலில் மாமியார் திரும்பினார். "சாகப்போற மனுஷன்கிட்ட என்னத்தைப் பேசறதுன்னுதான் அன்னிக்கு வாயை மூடிக்கிட்டேன். உடம்பு தேறட்டும், நான் பதில் சொல்லணும். அது ஒரு நாள்ல முடியற பதில் இல்ல மாப்பிள்ளை. குறைஞ்சது முப்பது வருஷமாவது ஆகும்."