கை நனைக்காத சம்பந்தி

மகனுக்குப் பெண் பார்க்க நல்லூருக்குப் போகும் பஸ்ஸில், தனகோடி தன் கணவர் வைத்திலிங்கத்துக்குப் பாடம் நடத்தினாள். அவருக்குச் சர்க்கரை வியாதி. ஆனால் யார் எதை நீட்டினாலும் மறுக்க வராது. அவர் வேலை பார்க்கும் விருத்தாசலம் பீங்கான் ஃபாக்டரியில் யார் வீட்டு விசேஷத்துக்கும் முதல் லட்டு அவர் வாயில்தான் விழும்.

"கேசரி குடுத்தா என்ன சொல்லணும்?"

"வேண்டாங்க."

"அவங்க மொகம் வாடுதேன்னு எடுத்துடாதீங்க. வியாதின்னும் சொல்லிடாதீங்க, பொண்ணு குடுக்க யோசிப்பாங்க."

பெண் செந்தாமரை குனிந்த தலையோடு கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். பீங்கான் தட்டில் நெய் மினுக்கும் கேசரி வந்தது.

வைத்திலிங்கம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "வேண்டாங்க."

பெண்ணின் அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. "கை நனைக்க மாட்டேங்கறீங்களே, பொண்ணு புடிக்கலீங்களா?"

பெண் வீட்டில் சாப்பிட்டால்தான் சம்மதம் என்கிற வழக்கம் தனகோடிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கணவரின் தொடையைக் கிள்ளினாள். "சம்பந்தமே போயிடும், தின்னு தொலைங்க!"

முப்பது வருஷத்தில் முதல் முறையாக அவளிடமும் அவர் சொன்னார்: "வேண்டாம்."

செந்தாமரை வெளியே வந்தாள். "அப்பா, எனக்குச் சம்மதம்."

"அவங்களே வேண்டாங்கறாங்க, நீ என்னம்மா?"

"நர்ஸ் உடுப்புல இல்லாததால மாமாவுக்கு என்னை அடையாளம் தெரியலப்பா. விருத்தாசலம் ஆஸ்பத்திரியில மூணு மாசமா இவருக்கு ஊசி போடறவளே நான்தான். இனிப்பைத் தொடாதீங்கன்னு நான் சொல்லி, கேட்ட மொத ஆளு இவருதான். மாமனாரே என் பேச்சைக் கேக்கற வூட்டை விட்டுட்டு வேற எங்க போவேன்?"