எதிரியின் பூட்ஸ்

"பொலிவியாக்காரன் பூட்ஸேதான்மா. நம்ம பராகுவே ஆளுங்கதான் வெறுங்கால்லயே போர் பண்ணி ஜெயிச்சவங்களாச்சே!" என்று சிரித்தார் பழம்பொருள் மதிப்பிடும் தோன் எவாரிஸ்தோ.

எலிஹியாவுக்குப் பெருமை. "ஒருத்தனைக் கொன்னுட்டு தாத்தா கழட்டிட்டு வந்தது. அவர் ஒரு நாளும் போட்டதில்ல. நாளைக்கு அருங்காட்சியகத்துல அவர் பேரோட வைக்கிறாங்க. நீங்க சான்று குடுத்தாப் போதும்."

"குடுத்துட்டாப் போச்சு. அபூர்வமான ஜோடி! இடது சுண்டுவிரல் பக்கம் பாரு, தைக்கும்போதே தோலைக் கூட்டி வச்சிருக்கான். போட்டவனுக்கு ஆறு விரல்."

எலிஹியா இடது காலை மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். தாத்தாவிடமிருந்து வந்த ஆறாவது விரல் செருப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் பேனாவைத் திறந்தார்.

"தோன் எவாரிஸ்தோ," என்றாள், "அந்த விரலைப் பத்தி மட்டும் எழுதாம விட்டுடுங்களேன்."